அமெரிக்க அரசின் கடன், செலவு, வேலைவாய்ப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

படிக்கும் முன் ஒரு சின்னக் கணக்கு. செய்திகளில் டிரில்லியன் என்று வருவது லட்சம் கோடி. பில்லியன் என்பது நூறு கோடி. இங்கே எல்லாம் கோடியில்தான் இருக்கும். அமெரிக்க ஃபெடரல் அரசின் நிதியாண்டு அக்டோபர் 1 அன்று தொடங்கும். ஆக, 2024 நிதியாண்டு என்றால் 2024 செப்டம்பரோடு முடிந்த ஆண்டு.

பற்றாக்குறையும் கடனும் ஒன்றா?

இல்லை. ஓர் ஆண்டில் வரவைவிடச் செலவு எவ்வளவு கூடுதலோ அது பற்றாக்குறை. அப்படி வருடா வருடம் சேர்ந்து நிற்பது கடன். 2024 நிதியாண்டில் ஃபெடரல் அரசுக்கு வந்தது சுமார் 4.92 லட்சம் கோடி டாலர். செலவானது சுமார் 6.75 லட்சம் கோடி. துண்டு விழுந்தது 1.83 லட்சம் கோடி. மொத்தக் கடன் 2024 நவம்பரில் 36 லட்சம் கோடியைத் தாண்டியது. 2025 அக்டோபரில் 38 லட்சம் கோடியை.

"பற்றாக்குறையைப் பாதியாகக் குறைத்துவிட்டோம்" என்று ஓர் அதிபர் சொன்னால், கடன் குறைந்துவிட்டது என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். கடன் ஏறும் வேகம்தான் குறைந்திருக்கும். இந்த ஒரு குழப்பத்தை வைத்தே இரண்டு கட்சிகளும் பல தேர்தல்களை ஓட்டிவிட்டன. கடந்த அரை நூற்றாண்டில் 1998 முதல் 2001 வரை நான்கே ஆண்டுகள் வரவு மிஞ்சியது. நாட்டின் கடன் ஏறுவதைக் காட்ட நியூயார்க்கில் 1989இல் வைத்த கடன் கடிகாரத்தை 2000இல் நிறுத்தி, 2002இல் மறுபடி ஓடவிட்டார்கள். 2008இல் கடன் 10 லட்சம் கோடியைத் தொட்டபோது அந்தப் பலகையில் இலக்கம் போட இடம் போதவில்லை. டாலர் குறி இருந்த கட்டத்தை எண்ணுக்குக் கொடுத்துச் சமாளித்தார்கள்.

இவ்வளவு பணத்தையும் யாருக்குத் தர வேண்டும்? சீனாவுக்கா?

சீனாவுக்கு என்பது பாதிப் பொய். 2024இல் சீனாவின் கையில் இருந்த அமெரிக்கக் கடன்பத்திரங்கள் 80,000 கோடி டாலருக்கும் குறைவு. ஜப்பானிடம் அதைவிட அதிகம், சுமார் 1.1 லட்சம் கோடி. 2019இலேயே அது சீனாவை முந்திவிட்டது. வெளிநாடுகள் எல்லாவற்றையும் சேர்த்தாலும் மொத்தக் கடனில் கால் பங்கு அளவுதான்.

மீதி பெரும்பாலும் உள்நாட்டிலேயே இருக்கிறது. ஓய்வூதிய நிதிகள், மியூச்சுவல் ஃபண்டுகள், வங்கிகள், மத்திய வங்கியான பெடரல் ரிசர்வ், சாதாரண சேமிப்பாளர்கள். அப்புறம், சுமார் 7 லட்சம் கோடியை அரசு தனக்குத்தானே தர வேண்டியிருக்கிறது. சோஷியல் செக்யூரிட்டி (முதியோர் ஓய்வூதியம்) போன்ற நிதிகளில் முன்பு மிஞ்சிய பணத்தை அரசு கடனாக எடுத்துக்கொண்டு, பதிலுக்குப் பத்திரம் எழுதிக் கொடுத்திருக்கிறது. பொருளாதாரத்தின் மீது கடனின் பாரம் எவ்வளவு என்று பார்ப்பவர்கள் இந்த 7 லட்சம் கோடியைக் கழித்துவிட்டு, வெளியாரிடம் வாங்கியதை மட்டும் எடுத்துக்கொள்வார்கள். 2024 நிதியாண்டின் முடிவில் அது சுமார் 28 லட்சம் கோடி, அதாவது ஜிடிபியில் ஏறக்குறைய 98 சதவீதம்.

அரசு கடன் வாங்குவது நடைமுறையில் எப்படி?

ஏலத்தில். கருவூலத் துறை முன்கூட்டியே தேதி அறிவிக்கும். பத்தாண்டுப் பத்திரம் என்று வைத்துக்கொள்வோம். ஏல நாளன்று மதியம் 1 மணிக்குப் பெரிய வாங்குபவர்களுக்கான கெடு முடியும். யார் எவ்வளவு வட்டி கேட்கிறார்கள் என்று வரிசைப்படுத்தி, குறைவாகக் கேட்டவரிடமிருந்து தொடங்கி, தேவையான தொகை நிரம்பும் வரை எடுத்துக்கொள்வார்கள். கடைசியாக உள்ளே வந்தவர் கேட்ட வட்டியே எல்லோருக்கும். "பிரைமரி டீலர்" எனப்படும் குறிப்பிட்ட நிறுவனங்கள் ஒவ்வொரு ஏலத்திலும் கேட்டே ஆக வேண்டும் என்பது விதி. அதனால் வாங்க ஆளில்லாமல் ஏலம் நின்றுபோகும் நிலை வருவதில்லை. ஆர்வம் குறைந்தால் வட்டிதான் ஏறும். தனிநபரும் 100 டாலரிலிருந்து வாங்கலாம், வட்டியை மட்டும் பேரம் பேச முடியாது.

குடும்பச் செலவோடு ஒப்பிடலாமா? வரவுக்கு மேல் செலவு செய்தால் வீடு மூழ்கிவிடுமே?

பாதி சரி. வட்டி கட்ட வேண்டும் என்பது இருவருக்கும் பொது. ஆனால் வீட்டுக்காரர் ஒரு நாள் வேலையிலிருந்து ஓய்வு பெறுவார், அதற்குள் கடனை அடைத்தாக வேண்டும். அரசுக்கு ஓய்வு வயது கிடையாது. பழைய பத்திரம் முதிரும்போது புதிதாக ஒன்றை விற்று அதை அடைத்துக்கொண்டே போகலாம். கடனும் அதன் சொந்த நாணயத்தில்.

இன்னொன்று உண்டு. ஒரு வீடு செலவைச் சுருக்கினால் அதன் வருமானம் குறைவதில்லை. அரசு சுருக்கினால் யாரோ ஒருவருடைய சம்பளம் போகிறது, அதோடு அவர் கட்டிவந்த வரியும் போகிறது. வீட்டைப் போலவே கணக்கை நேர் செய்தாக வேண்டிய அரசுகளும் அமெரிக்காவில் இருக்கின்றன. அவை மாநில அரசுகள். ஏறக்குறைய எல்லா மாநிலச் சட்டங்களும் அப்படித்தான் சொல்கின்றன. 2008 நெருக்கடியில் மாநிலங்களின் வரி வருவாய் சரிந்தது. விளைவு, அடுத்த சில ஆண்டுகளில் மாநில, உள்ளாட்சி அரசுகளில் 5 லட்சத்துக்கும் மேற்பட்ட வேலைகள் போயின. அதில் பெரும் பகுதி பள்ளிக்கூட வேலைகள். தனியார் துறை ஆள் எடுக்கத் தொடங்கிய பிறகும் இங்கே ஆட்குறைப்பு தொடர்ந்தது.

சரி, பணமெல்லாம் எங்கே போகிறது?

முதியோருக்கும் மருத்துவத்துக்கும்தான் பெரும் பங்கு. சோஷியல் செக்யூரிட்டி மட்டும் 2024இல் 1.5 லட்சம் கோடி டாலரை நெருங்கியது. அப்புறம் முதியோர் மருத்துவத்துக்கான மெடிகேர், ஏழைகள் மருத்துவத்துக்கான மெடிகெய்ட், பாதுகாப்பு, வட்டி. காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்) ஆண்டுதோறும் உட்கார்ந்து வாக்களித்து ஒதுக்குவது மொத்தத்தில் கால் பங்குக்குச் சற்று மேல்; மீதி ஏற்கெனவே உள்ள சட்டப்படி தானாகப் போகிறது. வெளிநாட்டு உதவியை நிறுத்தினால் கடன் தீர்ந்துவிடும் என்று நம்புகிறவர்களுக்கு: அது மொத்தச் செலவில் ஒரு சதவீதத்தை ஒட்டித்தான்.

அரசு கடன் வாங்கிச் செலவு செய்தால் உண்மையில் வேலை உருவாகுமா?

சும்மா இருக்கும் கைகள் இருந்தால் உருவாகும். இதுதான் என் பதில். கீழே வருவதெல்லாம் இதன் விளக்கம்.

1933இல் அமெரிக்காவில் நான்கு பேரில் ஒருவருக்கு வேலை இல்லை. தொழிற்சாலை இருந்தது, ஆள் இருந்தார், வாங்கத்தான் யாரும் இல்லை. அந்தக் குளிர்காலத்தில் அதிபர் ரூஸ்வெல்ட் கொண்டுவந்த சிவில் ஒர்க்ஸ் என்ற தற்காலிகத் திட்டம் சில மாதங்களுக்குள் 40 லட்சம் பேரை வேலையில் வைத்தது. 1935இல் வந்த டபிள்யூபிஏ என்ற அரசு வேலைத் திட்டம் 1943 வரை ஓடியது. மொத்தம் சுமார் 85 லட்சம் பேர் அதில் சம்பளம் வாங்கினார்கள். சாலை, பாலம், பள்ளி, பூங்கா. நியூயார்க்கின் லகார்டியா விமான நிலையமும் அந்தப் பணத்தில் எழுந்ததுதான். அந்த ஆட்களைத் தனியார் யாரிடமிருந்தும் பறித்துக்கொண்டு வரவில்லை. அவர்கள் வீட்டில் சும்மா இருந்தவர்கள்.

1937இல் வாஷிங்டனுக்குத் தைரியம் வந்துவிட்டது. இனிப் பற்றாக்குறை வேண்டாம் என்று செலவைக் குறைத்தார்கள். புதிய சோஷியல் செக்யூரிட்டி வரி வேறு வசூலாகத் தொடங்கியது. பெடரல் ரிசர்வும் வங்கிகளின் கையிருப்பு விதியை இறுக்கியது. 14 சதவீதத்துக்கு இறங்கியிருந்த வேலையின்மை 1938இல் சுமார் 19 சதவீதத்துக்கு ஏறிவிட்டது.

இங்கே ஒரு வேடிக்கை. இந்த 14, 19 என்ற எண்களில் டபிள்யூபிஏவில் மண்வெட்டியோடு நின்றவரும் "வேலையில்லாதவர்" கணக்கில்தான் இருக்கிறார். அவரை வேலையில் இருப்பவராக எண்ணும் வேறொரு கணக்கில் வேலையின்மை பல புள்ளிகள் குறைந்துவிடுகிறது. "ரூஸ்வெல்ட் செலவழித்தும் வேலையின்மை தீரவில்லை" என்ற வாதமும் "தீர்ந்தது" என்ற வாதமும் பாதி இந்த எண்ணும் முறையிலேயே அடங்கிவிடும்.

முழுதாகத் தீர்த்தது இரண்டாம் உலகப் போர். 1930களின் பற்றாக்குறையெல்லாம் போர்க்கால ஆண்டுகளோடு பார்த்தால் சில்லறைக்காசு. 1944இல் வேலையின்மை 1.2 சதவீதம், 1946இல் கடன் ஜிடிபியில் 106 சதவீதம்.

அந்த 106 சதவீதக் கடனை எப்படி அடைத்தார்கள்?

அடைக்கவே இல்லை. டாலர் எண்ணிக்கையில் பார்த்தால் கடன் அப்படியேதான் நின்றது, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஏறவும் செய்தது. பொருளாதாரம் அதைவிட வேகமாக வளர்ந்துவிட்டது. விலைவாசி ஏறியதும் கைகொடுத்தது; 1951 வரை பெடரல் ரிசர்வ் நீண்டகால வட்டியை 2.5 சதவீதத்துக்கு மேல் போகவிடாமல் பிடித்துவைத்திருந்ததும் கைகொடுத்தது. 1974 வாக்கில் விகிதம் 25 சதவீதத்துக்கும் கீழே. போர்க்காலப் பத்திரம் வாங்கிய சேமிப்பாளரின் பார்வையில் இது அவ்வளவு இனிப்பான கதை அல்ல. அவர் கைக்குத் திரும்பி வந்த டாலர் கடன் கொடுத்தபோது இருந்ததைவிட இளைத்துப்போயிருந்தது.

ஒரு பாலத்துக்குக் காங்கிரஸ் பணம் ஒதுக்கினால் எத்தனை நாளில் ஒருவருக்கு வேலை கிடைக்கும்?

நாளில் இல்லை, பெரும்பாலும் ஆண்டுகளில். அமெரிக்காவில் நெடுஞ்சாலைப் பணம் எப்படி நகர்கிறது என்று பாருங்கள். வாஷிங்டன் காசோலை எழுதி அனுப்புவதில்லை. "இவ்வளவு வரை செலவழிக்கலாம்" என்று மாநிலத்துக்கு அனுமதி தருகிறது. மாநிலப் போக்குவரத்துத் துறை வரைபடம் போட வேண்டும், சுற்றுச்சூழல் ஆய்வு முடிக்க வேண்டும், நிலம் எடுக்க வேண்டும், டெண்டர் விட வேண்டும். ஒப்பந்ததாரர் உள்நாட்டு எஃகுதான் வாங்க வேண்டும், அந்த வட்டார ஊதிய விகிதத்துக்குக் குறையாமல் கூலி தர வேண்டும், வாராவாரம் சம்பளப் பட்டியலைக் கையெழுத்திட்டுக் கொடுக்க வேண்டும். வேலை நடந்து, மாநிலம் முதலில் தன் கையிலிருந்து பணம் கொடுத்து, ரசீதோடு பில் அனுப்பினால், அப்போதுதான் ஃபெடரல் பங்கு வந்து சேரும். வழக்கமாக அது 80 சதவீதம்.

2008 நெருக்கடிக்குப் பின் வந்த 2009 ஊக்கத் திட்டத்தின்போது "மண்வெட்டி போட்டால் போதும்" என்ற நிலையில் திட்டங்கள் காத்திருப்பதாகச் சொன்னார்கள். நினைத்த அளவுக்கு அவை தயாராக இல்லை என்று 2011இல் ஒபாமாவே சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டார். இதைவிடப் பெரிய உதாரணம் 2021 நவம்பர் உள்கட்டமைப்புச் சட்டத்தில் கிராமப்புற இணைய இணைப்புக்கு ஒதுக்கிய 4,245 கோடி டாலர். 2024 முடியும் வரை அந்தப் பணத்தில் ஒரு வீட்டுக்குக்கூட இணைப்பு போகவில்லை.

பாலம் கட்டக்கூடாது என்று சொல்லவில்லை. பாலம் வேண்டுமென்றால் பாலத்துக்காகக் கட்டுங்கள். இந்த ஆண்டு வேலை இழந்தவருக்கு உதவ அது ரொம்ப மெதுவான கருவி. வேகமானவை வேலையின்மை உதவித்தொகை, உணவு உதவி, மாநிலங்களுக்கு நேரடி மானியம் ஆகியவை. ஆசிரியரைப் புதிதாக நியமிப்பதைவிட, இருக்கும் ஆசிரியரை நீக்காமல் வைத்திருப்பது சுலபம். அதற்கு ரிப்பன் வெட்டும் விழா கிடையாது, அதனால் அரசியல்வாதிகளுக்கு அதில் சுவை இல்லை.

"இத்தனை லட்சம் வேலைகளை உருவாக்கினோம்" என்கிறார்களே, யார் எண்ணினார்கள்?

யாரும் எண்ண முடியாது. தொழிலாளர் புள்ளிவிவரத் துறை மாதாமாதம், வழக்கமாக முதல் வெள்ளிக்கிழமை காலை 8.30க்கு, இரண்டு எண்களைத் தருகிறது. சுமார் 60,000 வீடுகளில் கேட்டு வேலையின்மை விகிதம். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட நிறுவனங்களில் கேட்டு சம்பளப் பட்டியல் எண்ணிக்கை. இவை நாட்டில் எத்தனை வேலை இருக்கிறது என்று சொல்லும், அந்த வேலை எதனால் வந்தது என்று சொல்லாது.

ஒரு திட்டத்தால் எத்தனை வேலை என்று கேட்டால், அந்தத் திட்டம் இல்லாதிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று தெரிய வேண்டும். அப்படி ஓர் அமெரிக்கா எங்கும் இல்லை. மாதிரிக் கணக்கில்தான் அதைக் கட்ட வேண்டும். 78,700 கோடி டாலர் என்று அறிவித்த 2009 திட்டத்தைப் பற்றிக் காங்கிரஸின் பட்ஜெட் அலுவலகம் சொன்ன மதிப்பீடு இது: 2010இன் இரண்டாம் காலாண்டில் வேலையில் இருப்போர் எண்ணிக்கையை அது 14 லட்சம் முதல் 33 லட்சம் வரை கூட்டியிருக்கலாம். இடைவெளியைப் பாருங்கள். நேர்மையான மதிப்பீடு இப்படித்தான் இருக்கும். துல்லியமாக ஓர் எண்ணைச் சொல்பவர் எதையோ விற்கிறார்.

அதே நேரத்தில் வேலையின்மை 2009 அக்டோபரில் 10 சதவீதத்தைத் தொட்டது. "பணம் கொட்டியும் பலனில்லை" என்றார்கள் எதிர்த்தவர்கள். "கொட்டாவிட்டால் இன்னும் மோசமாகியிருக்கும்" என்றார்கள் ஆதரித்தவர்கள். இரண்டாவது தரப்பு பக்கம் எனக்குச் சாய்வு உண்டு, ஆனால் மேடையில் எடுபடாத வாதம் அது.

மொத்தச் செலவை வேலை எண்ணிக்கையால் வகுத்து, ஒரு வேலைக்கு இத்தனை டாலர் என்று பார்க்கலாமா?

பார்க்கலாம், ஆனால் கவனம். பாலத்துக்குச் செலவான பணத்தில் பாலமும் இருக்கிறது, சம்பளம் மட்டும் இல்லை. வரிக்குறைப்பும் 2009 திட்டத்தில் பெரிய பங்கு. சாலை, ரயில் போன்ற போக்குவரத்துக்குப் போனது 4,800 கோடிதான்.

இந்த வகுத்தல் நன்றாகப் பொருந்தும் இடம் 2020இன் பிபிபி. சிறு நிறுவனங்கள் ஆட்களை நீக்காமல் இருக்கக் கடன் கொடுத்து, பிறகு அதைத் தள்ளுபடி செய்த திட்டம். அளவு சுமார் 80,000 கோடி டாலர். நோக்கமே வேலையைக் காப்பது. பொருளாதார நிபுணர்கள் பின்னர் கணக்கிட்டபோது, ஒரு வேலையை ஓர் ஆண்டு காப்பாற்ற ஆன செலவு சுமார் 1.7 லட்சம் முதல் 2.6 லட்சம் டாலர் வரை வந்தது. வேலை இழந்திருக்கக்கூடிய தொழிலாளியின் கைக்குப் போனது மூன்றில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோ. மீதி பெரும்பாலும் முதலாளிகளுக்கும் பங்குதாரர்களுக்கும். யாருக்கு ஆபத்து, யாருக்கு இல்லை என்று பிரித்துப் பார்க்க நேரமில்லாமல் எல்லோருக்கும் கொடுத்ததன் விலை அது.

வரியைக் குறைத்தால் வேலை பெருகி, அந்த வரி வருவாயே கடனை அடைத்துவிடாதா?

அடைக்காது. 2017 டிசம்பரில் நிறுவன வரியை 35 சதவீதத்திலிருந்து 21 ஆக இறக்கினார்கள். வளர்ச்சியால் திரும்பி வரும் வருவாயையும் சேர்த்துக்கொண்டே பட்ஜெட் அலுவலகம் போட்ட கணக்கில், பத்தாண்டுகளில் பற்றாக்குறை சுமார் 1.9 லட்சம் கோடி கூடும் என்று வந்தது. கொஞ்சம் திரும்பி வரும், முழுதும் வராது.

2021இல் கொரோனா நிவாரணமாகக் கொடுத்ததுதான் விலைவாசியை ஏற்றியதா?

ஒரு பங்கு அதற்கு உண்டு. 2020 ஏப்ரலில் வேலையின்மை 14 சதவீதத்தைத் தாண்டியிருந்தது, அப்போது 2.2 லட்சம் கோடித் திட்டம் கையில் இருந்தது பெரிய பாதுகாப்பு. 2021 மார்ச்சில் இன்னொரு 1.9 லட்சம் கோடி வந்தபோது வேலையின்மை 6 சதவீதத்தை ஒட்டி இறங்கியிருந்தது. சும்மா இருந்த கைகள் குறைந்துவிட்டன, சிப், கப்பல், கன்டெய்னர் எதுவும் நேரத்துக்குக் கிடைக்கவில்லை, பிறகு உக்ரைன் போர். பணவீக்கம் 2022 ஜூனில் 9.1 சதவீதம். அதே ஊக்கத்தால் வேலையின்மை 2023 ஜனவரியில் 3.4 சதவீதத்துக்கு இறங்கியது என்பதும் உண்மை. இரண்டும் ஒரே மூட்டையில் வந்தவை.

கடன் ஓர் அளவைத் தாண்டினால் வளர்ச்சி படுத்துவிடும் என்கிறார்களே?

2010இல் ஹார்வர்டு பொருளாதார நிபுணர்கள் இருவர், கடன் ஜிடிபியில் 90 சதவீதத்தைத் தாண்டினால் வளர்ச்சி கடுமையாகச் சரிகிறது என்று ஒரு கட்டுரை எழுதினார்கள். பல நாட்டு நிதி அமைச்சர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். 2013இல் மாசசூசெட்ஸில் ஒரு முதுநிலை மாணவர் பாடப் பயிற்சிக்காக அந்த எக்செல் கோப்பைத் திறந்து பார்த்தபோது, சராசரி போட்ட வரிசையில் சில நாடுகள் விட்டுப்போயிருந்தன. திருத்திப் பார்த்ததில் அந்தச் செங்குத்துச் சரிவு காணாமல் போனது.

அதற்காகக் கடனுக்கு விலையே இல்லை என்றாகிவிடாது. விலை வட்டியில் தெரிகிறது. பெடரல் ரிசர்வ் 2022 மார்ச்சிலிருந்து வட்டியை ஏற்றியது. 2023 ஜூலையில் 5.25–5.5 சதவீதம். பழைய மலிவுப் பத்திரங்கள் முதிர முதிர, புதிய விலையில் கடன் வாங்க வேண்டியிருக்கிறது. 2021இல் சுமார் 35,000 கோடியாக இருந்த நிகர வட்டிச் செலவு 2024இல் சுமார் 88,000 கோடி. பாதுகாப்புச் செலவையே முந்திவிட்டது. அந்தப் பணம் யாரையும் புதிதாக வேலைக்கு எடுப்பதில்லை. எல்லோருக்கும் வேலை இருக்கும் காலத்தில் அரசு பெரிய அளவில் கடன் கேட்டால், அதே சேமிப்பைக் கேட்டு நிற்கும் வீட்டுக் கடன்காரரும் தொழிற்சாலைக்காரரும் கூடுதல் வட்டி தர வேண்டியிருக்கும். 2024இல் வேலையின்மை 4 சதவீதத்தை ஒட்டி இருந்தது, அப்போது 1.83 லட்சம் கோடி துண்டு விழுந்ததற்கு 1933ஐக் காரணம் காட்ட முடியாது.

கடன் உச்சவரம்பு எதற்கு?

ஏற்கெனவே காங்கிரஸ் ஒப்புக்கொண்ட செலவுக்குக் கடன் வாங்கலாமா என்று காங்கிரஸே மறுபடி கேட்டுக்கொள்ளும் ஏற்பாடு. ஓட்டலில் சாப்பிட்டு முடித்தபின் பில் கட்டுவதா வேண்டாமா என்று விவாதிப்பது மாதிரி. இது செலவைக் குறைத்ததாகத் தெரியவில்லை. 2011இல் இழுபறி செய்து, நாட்டின் கடன் தரமதிப்பை தரமதிப்பீட்டு நிறுவனமான எஸ் அண்ட் பி ஒரு படி இறக்கியதுதான் மிச்சம். 2023இல் ஃபிட்சும், 2025இல் மூடீஸும் இறக்கின.

அரசு ஊழியர்களைக் குறைத்தால் கடன் குறையாதா?

கணக்கு இடம் கொடுக்காது. ராணுவத்தினர் நீங்கலாக, தபால் துறையையும் சேர்த்து, 2024 இறுதியில் ஃபெடரல் ஊழியர்கள் சுமார் 30 லட்சம். தபால் துறை தன் வருவாயிலேயே ஓடுகிறது. மற்றவர்களின் சம்பளம், சலுகை எல்லாம் 2022இல் சுமார் 27,100 கோடி டாலர், மொத்தச் செலவில் 4 சதவீதத்தைச் சற்றுத் தாண்டும். ஒருவர் விடாமல் எல்லோரையும் அனுப்பினாலும் 2024 பற்றாக்குறையில் ஆறில் ஐந்து பங்கு அப்படியே நிற்கும். அந்த ஊழியர்களில் பாதிக்கு மேல் பாதுகாப்பு, முன்னாள் படைவீரர் நலம், உள்நாட்டுப் பாதுகாப்பு ஆகிய துறைகளில் வேலை செய்பவர்கள் வேறு.

முழுக் கடனையும் எப்போதாவது அடைத்திருக்கிறார்களா?

ஒரே ஒரு முறை, 1835 ஜனவரியில். அப்போதைய அதிபர் ஆண்ட்ரூ ஜாக்சனுக்குக் கடன் என்றாலே ஆகாது. அரசு நிலங்களை விற்ற பணம் குவிந்ததும் எல்லாவற்றையும் தீர்த்துவிட்டார். 1837இல் நிதிப் பீதி வந்து, பல ஆண்டு மந்தம் தொடர்ந்தது. நில ஊகமும் வங்கிக் குளறுபடியும்தான் அதற்கு முக்கியக் காரணம். கடனை அடைத்ததால்தான் மந்தம் வந்தது என்று சொல்வது மிகை. அரசு சீக்கிரமே மறுபடி கடன் வாங்கத் தொடங்கிவிட்டது.

நான் என் பங்குக்குப் பணம் அனுப்பிக் கடனைக் குறைக்கலாமா?

தாராளமாக. கருவூலத் துறை 1961 முதல் இதற்கென்று நன்கொடை வாங்குகிறது. இணையத்திலும் செலுத்தலாம், காசோலையும் அனுப்பலாம். சமீப ஆண்டுகளில் ஆண்டு முழுக்கச் சேர்வது ஒரு கோடி டாலருக்குள்தான். 2024இல் அரசு கட்டிய வட்டி மணிக்குச் சுமார் 10 கோடி டாலர்.